இருபத்தாறு தடவை மூடிய கதவு

ஐந்தாம் அத்தியாயம்

“காத்தைக் களவெடுத்தவனை எந்தச் சட்டத்திலை பிடிக்கிறது, பிள்ளை?” என்று கேட்டார் மயில்வாகனம்.

றம்லத் தலை நிமிரவில்லை. கண்டி யட்டிநுவர வீதியில் ஒரு புடைவைக் கடைக்கு மேலே, இரண்டு கதிரைகளும் ஓர் அலுமாரியும் மட்டுமே கொண்ட தன் அலுவலகத்தில் உட்கார்ந்து கொப்பியில் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். பதினொரு வருடம் காப்புறுதிக் கம்பெனி ஒன்றில் பொய்க் கோரிக்கைகளைப் பிடித்துக் கொடுத்தவள், இப்போது சொந்தமாகத் துப்புத் துலக்குகிறாள். பக்கத்தை இரண்டாகப் பிரித்து ‘தெரிந்தது’, ‘தெரியாதது’ என்று எழுதினால்தான் அவளுக்கு மூளை ஓடும். எழுதி முடித்ததுமே எழுதியது பிழையோ என்ற சந்தேகம் வந்துவிடும்.

மயில்வாகனம் அவளுடைய உதவியாள். ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்ற யாழ்ப்பாணத்துக்காரர். உடம்புக்கு ஓய்வு கொடுத்தாரே தவிர வாய்க்குக் கொடுக்கவில்லை.

“சட்டத்தப் பொறகு பாப்போம், மயிலண்ணே. களவு நடந்தீக்கா என்டு மொதல்ல பாக்கணும்.”

களவு நடந்தது என்று சத்தியம் செய்தவன் ராஜலிங்கம். பல்லேகல தொழிற்பேட்டையில் தையல் இயந்திரங்கள் பழுது பார்ப்பவன். அவன் அம்மா ராக்கம்மா மடுல்கெல்லப் பக்கத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவள். சீனி வருத்தத்தில், அதாவது நீரிழிவில், அவள் இடது பாதத்தில் வந்த புண் ஐந்து மாதமாக ஆறவில்லை. ராஜலிங்கம் எங்கெங்கோ அலைந்து, ஒரு தர்ம நிதியத்தின் காலில் விழாத குறையாகக் கேட்டு, கட்டுகஸ்தோட்டையில் உள்ள ஒட்சிசன் சிகிச்சை நிலையத்தில் அம்மாவுக்கு முப்பது தடவை இலவசமாக வாங்கிக் கொடுத்தான். அழுத்தம் கூட்டிய இரும்பு அறைக்குள் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து சுத்த ஒட்சிசனைச் சுவாசிக்க வேண்டும். இரத்தம் ஒழுங்காகப் போகாத இடத்துக்கும் ஒட்சிசன் போய்ச் சேரும். அடம் பிடிக்கும் புண்ணும் ஆறத் தொடங்கும்.

இருபத்தாறு தடவை முடிந்துவிட்டது. புண் வைத்த இடத்திலேயே இருந்தது. வெள்ளிக்கிழமை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் நாள் குறித்துவிட்டார்கள்.

“அங்க ஒக்சிஜனே இல்ல, மேடம். வெறும் காத்த ஊதி அனுப்புறாங்க,” என்று அழுதிருந்தான் ராஜலிங்கம்.

காலை எடுக்கப் போகும் சத்திரசிகிச்சை நிபுணரிடம் றம்லத் தொலைபேசியில் பேசினாள். அவர் சொன்னதை அப்படியே ‘தெரிந்தது’ பக்கத்தில் எழுதியிருந்தாள். ‘புண் இன்னும் எலும்பைத் தொடவில்லை. ஒட்சிசன் உண்மையாகவே உடம்புக்குள் போகவில்லை என்று காட்டினால் இரண்டு கிழமை, பதினான்கு நாள், பொறுப்பேன். போயும் ஆறவில்லை என்றால், காலைக் காப்பாற்றப் பார்த்தால் உயிர் போய்விடும்.’

இன்று செவ்வாய்.

“அப்ப களவு நடந்திருக்க வேணுமெண்டு கும்பிடுவம்,” என்றார் மயில்வாகனம். “கள்ளனுக்காக நேர்த்தி வைக்கிற முதல் ஆக்கள் நாங்கள்தான்.”

*

ஒட்சிசன் அறை, சக்கரம் கழற்றிய சிறிய பஸ் போல இருந்தது. வெள்ளை நிற இரும்பு. பக்கத்துக்கு இரண்டாக வட்ட ஜன்னல்கள். உள்ளே ஆறு இருக்கைகள். அதை இயக்குபவன் நஸீம் என்ற இளைஞன். மடிப்புக் கலையாத நீலச் சட்டையும், சந்தேகப்பட்டால் உடனே சிவந்துவிடும் முகமும் கொண்டவன்.

“மேடம், தலைல மாட்டுற மூடிக்குள்ள எவ்வளவு ஒக்சிஜன் என்டு இந்த மீட்டர் காட்டும். நீங்களே பாருங்க.”

“மீட்டரை ஆர் செய்தது?” என்றார் மயில்வாகனம். “உங்கட பக்கத்து ஆளோ?”

நஸீம் சிவந்தான். றம்லத் பதிவுப் புத்தகத்தைக் கேட்டாள். உள்ளே போகுமுன் சீனி வருத்தக்காரர்களின் விரலில் குத்திச் சீனி பார்ப்பது விதி. ராக்கம்மாவின் பெயருக்கு நேரே 98, 104, 101, 96 என்று வரிசையாக நின்றன. றம்லத் பையிலிருந்து, ராஜலிங்கம் கொடுத்திருந்த ராக்கம்மாவின் ஆஸ்பத்திரிக் கிளினிக் கொப்பியை எடுத்தாள். அதே கிழமைகளில் 268, 251, 274.

அகப்பட்டுவிட்டது! விரலில் குத்தாமலே வாய்க்கு வந்த இலக்கத்தை எழுதியிருக்கிறார்கள். சீனியில் பொய் சொன்னவன் ஒட்சிசனில் மட்டும் உண்மை சொல்வானா?

நஸீம் சீனி பார்க்கும் கருவியைக் கொண்டுவந்து வைத்தான். பொத்தானை அழுத்த அழுத்தப் பழைய அளவுகள் திகதியோடு வந்தன. 98. 104. 101. 96. கருவிக்குக் கற்பனை கிடையாது.

“அவங்களப் போல ஒரு நோயாளி கெடைக்க மாட்டாங்க, மேடம்,” என்றான் நஸீம் மனம் நொந்து. “உலோகம் கூடாது, தலைல எண்ணெய் கூடாது என்டு மொத நாளே சொல்லுறது. மத்தவங்களோட தெனமும் சண்ட. அவங்க மூக்குத்திய ஊட்டுலயே கழட்டி, ஓட்டைக்கு ஈர்க்குச்சி சொருகிக்கிட்டு வருவாங்க. காது அடைச்சாலும் ஒரு சத்தம் போட மாட்டாங்க.”

“புண்ணப் பாத்தீங்களா?”

“மருந்து கட்டுறது ஆஸ்பத்திரில. நாங்க கட்ட அவிழ்க்கிறதில்ல. மொத நாள் டொக்டர்தான் பாத்தாரு.”

பக்கத்து வாங்கில் உட்கார்ந்து, காலில் கட்டோடு தன் முறைக்காகக் காத்திருந்த ஹபீல் ஹாஜியார் பத்திரிகையை இறக்கினார்.

“காத்துல கள்ளமா? என்ன கேளுங்க, மகள். எனக்கு நாளைக்கு இருவத்தஞ்சாவது தடவ. புண்ணு சுருங்கி ஒரு ரூவாக் காசு அளவுல வந்திரிச்சி. அது மட்டுமில்ல, இந்தா, கண்ணாடி இல்லாம மரண அறிவித்தல் வாசிக்கிறன். ஆனா தெருவுக்கு வந்தா பஸ் போர்டு தெரியிதில்ல. நேத்து கண்டிக்குப் போற என்டு மாத்தளை பஸ்ல ஏறிட்டன்.”

“மாத்தளையிலும் காத்து நல்லதுதான், ஹாஜியார்,” என்றார் மயில்வாகனம்.

“பதினஞ்சு இருபது தடவை போனா கண்ணு அப்படித்தான் மாறும்,” என்று நஸீம் விளக்கினான். “பக்கத்துல உள்ளது தெரியும், தூரத்துல உள்ளது மங்கும். நிப்பாட்டி ரெண்டு மூணு மாசத்துல பழையபடி வந்திரும்.”

றம்லத் கொப்பியை மூடினாள். அறைக்குள் ஒட்சிசன் இருந்தது. ஹாஜியாரின் கண்ணைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை. அப்படியானால் ராக்கம்மாவின் கால் போகும். தப்பு நடக்காத இடத்தில் தப்பைத் தேடி ஒரு நாளை வீணாக்கிவிட்டோமே என்று தன்னையே நொந்துகொண்டாள். ஆனால் 98க்கும் 268க்கும் நடுவே ஏதோ முள்ளாகக் குத்தியது. ஒரே ஆளுக்கு ஒரே கிழமையில் இரண்டு இரத்தமா?

“ராஜலிங்கத்துக்கு என்ன சொல்லப் போறீர்?” என்றார் மயில்வாகனம் தெருவுக்கு வந்ததும்.

“அவன்ட உம்மாவப் பாத்துட்டுச் சொல்லுவோம்.”

*

வத்தேகம கடந்து, பன்வில கடந்து, பஸ் மூச்சு வாங்கி ஏறியது. இறங்கி, தேயிலைக்கு நடுவே செங்குத்தான பாதையில் நடந்தார்கள். மேலே, தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி கட்டுப் போட்ட காலை ஸ்டூலில் நீட்டியிருந்தாள்.

“மதினி, கணக்கப்புள்ள ஐயா வர்றாரு! சேலைய இழுத்து விடுங்க!” என்று மற்றவள் பதறி எழுந்தது கீழே கேட்டது.

“கண்ணு அவிஞ்சு போச்சாடி? கணக்கப்புள்ளைக்கு ஏது கண்ணாடி, ஏது வழுக்க? இது யாரோ டவுன் ஆளு. பின்னால பச்ச முக்காடு போட்டு ஒரு அம்மா வருது பாரு,” என்றாள் ஸ்டூலில் கால் வைத்திருந்தவள்.

“நாப்பது வருசம் வேலை செய்தும் கிடைக்காத பதவி உயர்வு,” என்று மூச்சிரைத்தபடி முணுமுணுத்தார் மயில்வாகனம். “வழுக்கை ஒண்டுதான் கெடுத்துப்போட்டுது.”

றம்லத் சிரிக்கவில்லை. அவள் நடை நின்றுவிட்டது. பிறகு வேகமாக ஏறினாள்.

கால் நீட்டியிருந்தவள்தான் ராக்கம்மா. நல்லெண்ணெய் வைத்து வழித்துச் சீவிய தலை. மூக்கில் பளிச்சென்று மூக்குத்தி. “மகன் அனுப்புன ஆளுகளா? வாங்க, வாங்க. வேலாயி, கதிரைய எடுத்துப் போடு,” என்றாள். வேலாயி அவள் கணவனின் தங்கை. வறண்ட தலை. மூக்கில் மூக்குத்தி இல்லை. ஓட்டையில் ஒரு சின்ன ஈர்க்குச்சி. கையில் ஊசியும் நூலும். ரவிக்கைக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தவள், பேசியபடியே நூலை ஒரே தடவையில் ஊசிக்குள் விட்டாள். அவள் தலைக்கு மேலே ஆணியில் தொங்கிய மூக்குக் கண்ணாடியில் தூசி படிந்திருந்தது.

“இந்தக் கண்ணாடி யாருட?” என்றாள் றம்லத்.

“என்னோடதுதாம்மா. இப்ப தேவப்படல.”

“எத்தன நாளா?”

“ஒரு பத்து நாளா...” வேலாயியின் குரல் அப்படியே நின்றது.

றம்லத், ராஜலிங்கம் கொடுத்திருந்த நிதிய அலுவலகத்தின் கடிதத்தை எடுத்து ராக்கம்மாவிடம் கொடுத்தாள். ராக்கம்மா அதைக் கை எட்டும் தூரத்துக்குத் தள்ளிப் பிடித்துக் கண்ணைச் சுருக்கினாள். “எழுத்து எறும்பாட்டம் இருக்கு, புள்ள.”

அவ்வளவுதான். இருபத்தாறு தடவை ஒட்சிசன் வாங்கிய கண் யாருடைய முகத்தில் இருக்கிறது என்று மயில்வாகனத்துக்கும் விளங்கிவிட்டது. 98, 104, 101, 96 எல்லாம் வேலாயியின் இரத்தம்.

“காலுல துணியச் சுத்திக்கிட்டு நீங்கதான் போனீங்க,” என்றாள் றம்லத்.

வேலாயி ஊசியைக் கீழே வைத்தாள். “களவுன்னு மட்டும் எழுதிறாதீங்கம்மா. மதினிக்குப் பேர் விட்டுறக் கூடாதுன்னுதான் போனேன்.”

தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குப் பேர் என்றுதான் பெயர். ஒருத்தி படுத்துவிட்டால் பக்கத்து நிரைக்காரி அவள் நிரையையும் சேர்த்துப் பறித்து, அவள் பேர் செக்றோல் என்ற வரவுப் பதிவில் இருந்து விழாமல் பார்த்துக்கொள்வாள். கண்டும் காணாமல் விடும் கங்காணியும் உண்டு. மூன்று நாள் தொடர்ந்து வராவிட்டால் இடம் வேறு ஆளுக்குப் போய்விடும் என்று நிதியத்தின் கடிதத்தில் எழுதியிருந்தது.

“மொத நாள் டொக்டரு கால மட்டும் பாத்தாரு. அடுத்த நாள்தான் உள்ள போகணும்னாங்க. இவுக அந்த அறையப் பாத்தாக, திரும்பி வந்துட்டாக. நாளைக்குப் போறேன், அதுவரைக்கும் என் பேரப் புடிச்சுக்கடின்னாக. மறு நாளும் நாளைக்குன்னாக. அப்படியே இருவத்தாறு நாள் போயிருச்சு.”

“ஏன், ராக்கம்மா?” றம்லத்தின் குரல் அவளை அறியாமல் தாழ்ந்தது.

ராக்கம்மா கட்டுப் போட்ட காலை ஸ்டூலில் நகர்த்தி வைத்தாள்.

“எழுவத்தேழு கலவரத்துல லயத்துக்குத் தீ வச்சாங்க. எனக்கு அப்பப் பன்னண்டு வயசு. அப்பா என்னையும் தம்பியையும் தேயில ஸ்டோருக்குப் பின்னால இருந்த காலித் தண்ணி டாங்கிக்குள்ள எறக்கி மூடியப் போட்டுட்டாரு. இரும்பு டாங்கி. வட்ட மூடி. விடியங்காட்டித்தான் தொறந்தாங்க. நான் வெளிய வந்தேன்.”

‘நான்’ என்று மட்டும் சொன்னாள். தம்பியைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

றம்லத் லயத்துக்குப் பின்னால் போய், சிக்னல் கிடைத்த இடத்தில் நின்று சத்திரசிகிச்சை நிபுணரை அழைத்தாள். அவர் நம்பாமல் இரண்டு தடவை கேட்டார். பிறகு, “அப்படியென்றால் அந்தக் காலுக்கு இன்னும் சிகிச்சையே தொடங்கவில்லை,” என்றார். “நாளைக்கே உள்ளே போகட்டும். போனால் வெள்ளிக்கிழமையைத் தள்ளி வைக்கிறேன்.”

திரும்பி வரும்போது றம்லத்துக்குக் கால் தரையில் படவில்லை. குற்றவாளி இல்லை, ஆனால் கால் பிழைக்கும்! இப்படி ஒரு முடிவு அவளுடைய எந்த வழக்கிலும் வந்ததில்லை.

“பிள்ளை,” என்றார் மயில்வாகனம், “இந்தச் சந்தோசத்தை எந்தப் பக்கத்திலை எழுதுவீர்? தெரிந்ததிலையோ, தெரியாததிலையோ?”

*

புதன்கிழமை காலை எல்லோரும் நிலையத்தில் நின்றார்கள். உண்மை தெரிந்ததும் நஸீமின் முகம் வெளிறிவிட்டது. வேலை போகுமோ என்ற பயம். ஆனாலும் அவன்தான் நிலையத்து வைத்தியரிடம் பேசி இருபத்தேழாவது தடவைக்கு அனுமதி வாங்கினான். ராக்கம்மா தலைக்குச் சீயக்காய் தேய்த்துக் குளித்து, மூக்குத்தியைக் கழற்றி ஈர்க்குச்சி செருகியிருந்தாள். ராஜலிங்கம் லீவு போட்டுவிட்டு வந்து, அம்மாவின் ஒற்றைச் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான்.

“ஏம்மா என்கிட்டச் சொல்லல?”

“நீ எம்புட்டு அலைஞ்சு வாங்கிக் குடுத்த. அதப் போயி எப்படிடா வேணாம்னு சொல்றது?”

றம்லத் துணைக்கு உள்ளே போனாள். மயில்வாகனம் வட்ட ஜன்னலுக்கு வெளியே நின்று, சட்டைப் பையிலிருந்து பச்சைக் கைக்குட்டையை எடுத்து ரயில் கார்டைப் போல அசைத்தார். ராக்கம்மா சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பின்மேலேயே நஸீம் கதவை மூடினான்.

காற்று சீறி ஏறியது. கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் மூடி ராக்கம்மாவின் தலையைச் சுற்றி உப்பியது. அவள் கத்தவில்லை, எழும்பவில்லை. கை இரண்டையும் மடியில் வைத்து அடக்கமாக உட்கார்ந்திருந்தாள். முடிந்தது, வென்றுவிட்டோம் என்று றம்லத் நினைத்தாள். ஒரு பழக்கத்தில் எண்ணத் தொடங்கினாள். இருபது. முப்பது. அப்போதுதான் கவனித்தாள். ராக்கம்மாவின் நெஞ்சு அசையவில்லை.

“மூச்சு விடுங்க, ராக்கம்மா. விடுங்க!”

ராக்கம்மா தலையை மட்டும் இல்லை என்று ஆட்டினாள். உதடுகள் இறுகியிருந்தன. ஜன்னலில் பச்சைக் கைக்குட்டை இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. அவள் கண் மேலே செருகியபோது றம்லத் ஜன்னலில் இரண்டு கையாலும் அடித்தாள். நஸீம் அழுத்தத்தை இறக்கிக் கதவைத் திறப்பதற்குள் ராக்கம்மா றம்லத்தின் தோளில் சரிந்திருந்தாள்.

மத்தியானம் இன்னொரு முறை. வியாழன் காலை மறுபடியும். மூன்று தடவையும் அதேதான். சத்தம் இல்லை, போராட்டம் இல்லை. மூச்சு மட்டும் இல்லை. மயக்க மருந்து கொடுத்து உள்ளே ஏற்றலாமா என்று ராஜலிங்கம் கெஞ்சினான். காது அடைக்கும்போது எச்சில் விழுங்கத் தெரிய வேண்டும், நினைவில்லாத ஆளை உள்ளே விட முடியாது என்று நிலையத்து வைத்தியர் கையை விரித்தார். இனி வேண்டாம், இதயம் தாங்காது என்றும் சொன்னார்.

“வேணுமென்டு செய்யிறீங்களா?” றம்லத்துக்கு முதல் தடவையாகக் கோபம் வந்தது. “உள்ளுக்கு வேண்டிய மட்டும் ஒக்சிஜன் ஈக்கு. மூச்சு விட்டாப் போதும். வேற ஒண்டுமே வேணாம்.”

“எனக்குத் தெரியும், புள்ள,” என்றாள் ராக்கம்மா. நனைந்த துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “கதவு மூடுனா நெஞ்சு தானா நின்னு போகுது. டாங்கிக்குள்ள நான் பயத்துல பெருசு பெருசா மூச்சு விட்டேன். அவன் சின்னவன். அவனுக்கு மிஞ்சல. நீங்களும் பக்கத்துல இருக்கீங்கள்ல? ஒங்களுக்கு வேணுமேன்னு இருக்கு.”

றம்லத் கொப்பியைத் திறந்தாள். ‘தெரியாதது’ பக்கத்தில் எழுத இனி ஒன்றும் இல்லை. எல்லாமே தெரிந்துவிட்டது. அவள் பேனாவை மூடி வைத்தாள்.

“நாளைக்குக் கால எடுக்குற ரூம்ல கதவ மூடுவாங்களா?” என்று கேட்டாள் ராக்கம்மா.

“மூடுவாங்க. ஆனா மயக்கம் போட்டுத்தான் மூடுவாங்க. உங்களுக்குத் தெரியாது.”

“மூச்சு?”

“மெஷின் போடும்.”

“நான் விட வேணாமா?”

“வேணாம்.”

ராக்கம்மா தலையாட்டினாள். “அப்ப சரி. வெள்ளிக்கிழமையே இருக்கட்டும்.”

ராஜலிங்கம் ஆஸ்பத்திரிக் கடதாசிகளில் கையொப்பம் வைக்கப் போனான். மற்றவர்கள் மெதுவாகத் தெருவுக்கு வந்து, பஸ் தரிப்பிடத்தில் ராக்கம்மாவை உட்கார வைத்தார்கள். லயத்துக்குப் போய் மாற்றுச் சேலை எடுத்துக்கொண்டு விடிய வர வேண்டும். மயில்வாகனம் பச்சைக் கைக்குட்டையைச் சட்டைப் பைக்குள் ஆழமாகத் திணித்தார். றம்லத் அவரைப் பார்த்தாள். ஏதாவது சொல்லுங்களேன் என்ற பார்வை. அவர் பாதையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பாலத்துப் பக்கமிருந்து ஒன்றன்பின் ஒன்றாக மூன்று பஸ்கள் வந்தன. வேலாயி புறங்கையால் கண்ணைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள்.

“ஒண்ணும் தெரியல மதினி. நம்ம பஸ்ஸு எது?”

“மொதல் ரெண்டும் கண்டி. கடசியா வர்ற செவப்பு, வத்தேகம,” என்றாள் ராக்கம்மா. “தோளக் குடு, வேலாயி. மெல்ல எழுப்பு. இந்தக் கால கீழ ஊணாமப் பாத்துக்க.”